ஜூன் 30-க்குள் விற்றாக வேண்டிய பையன்

வெளிநாட்டில் இருந்து சின்னப் பையன்களை அள்ளிக்கொண்டு வருவதால்தான் ஊர்ப் பையன்களுக்கு இடமில்லாமல் போகிறது என்ற பேச்சு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் சீசனிலும் கிளம்பும். மண்ணின் மைந்தர் கோஷம் நமக்குப் பழக்கப்பட்டதுதான், கால்பந்திலும் அது உடனே கைத்தட்டல் வாங்கும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஊர்ப் பையன் வெளியே போகிறான் என்பது உண்மை. அவனைத் தள்ளிவிடுவது வெளியூர்ப் பையன் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப் ரசிகன். சிரிக்க வேண்டாம். சென்னையில் எங்கள் ஆட்களைத் தேடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள்ள வேண்டும், தெரியும். ஆலன் ஷியரர் காலத்தில் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

2024 ஜூன் கடைசி வாரம். எங்கள் எலியட் ஆண்டர்சனை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு விற்றுவிட்டார்கள். ஆண்டர்சன் நியூகாசிலுக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கும் விட்லி பே ஊர்க்காரர். ஷியரரும் பீட்டர் பியர்ட்ஸ்லியும் மைக்கேல் கேரிக்கும் ஆடிப் பழகிய வால்ஸெண்ட் பாய்ஸ் கிளப்பில் இவரும் ஆடியவர். எட்டு வயதில் நியூகாசில் அகாடமிக்குள், அதாவது கிளப்பின் சிறுவர் பயிற்சிப் பள்ளிக்குள், வந்தார். காலில் பந்து ஒட்டிக்கொண்டதுபோல ஓடுவார், இரண்டு பேர் மேலே விழுந்தாலும் பந்தை விடமாட்டார். 21 வயது. ஏறத்தாழ 35 மில்லியன் பவுண்டுக்குப் போனார். அதே நேரத்தில் ஃபாரஸ்டிடம் இருந்து நாங்கள் ஒரு கோல்கீப்பரை வாங்கினோம். அவர் அடுத்த சீசன் முழுக்கப் பெஞ்சைச் சூடாக்கிவிட்டு, அதற்கடுத்த சீசன் செவில்லாவுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, போனார். ஆண்டர்சன் 2025 செப்டம்பரில் இங்கிலாந்து அணிக்கு ஆடத் தொடங்கிவிட்டார்.

சரி, அவரைத் துரத்தியது எந்த வெளிநாட்டுப் பையன்? இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ஆண்டர்சனை விற்ற அதே சில நாட்களுக்குள் யான்குபா மின்டேவையும் பிரைட்டனுக்கு விற்றார்கள். காம்பியா நாட்டுப் பையன், 19 வயது. முந்தைய ஆண்டுதான் டென்மார்க்கின் ஓடென்ஸே கிளப்பில் இருந்து சல்லிசாக வாங்கி, நேராக ஃபெயனூர்டுக்கு லோனில் அனுப்பியிருந்தார்கள். நியூகாசில் சட்டையில் ஒரு போட்டிகூட ஆடாமல் 30 மில்லியன் பவுண்ட் அளவுக்கு விலைபோனார். எட்டு வயதிலிருந்து வளர்ந்த ஊர்ப் பையனும், ஊரையே சரியாகப் பார்த்திராத வெளியூர்ப் பையனும் ஒரே வாரத்தில் ஒரே காரணத்துக்காக வெளியே போனார்கள். பயிற்சியாளர் எடி ஹோவுக்கு ஆண்டர்சனை விற்க மனமே இல்லை, அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

காரணம், ஜூன் 30. அன்றோடு பெரும்பாலான கிளப்களின் கணக்கு ஆண்டு முடிகிறது. அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது. எங்கள் கிளப்பின் பெரும்பங்கு சவுதி அரசு நிதியத்திடம் இருக்கிறது, பணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் முதலாளி பையில் இருந்து எடுத்து நஷ்டத்தை அடைக்க முடியாது. வருமானம் காட்ட வேண்டும். சீக்கிரமாகக் காட்ட ஒரே வழி, ஆளை விற்பது.

யாரை விற்பது? ஒருவரை 100 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், கணக்கில் வருடத்துக்கு 20 மில்லியன் செலவு என்று எழுதுவார்கள். மூன்று வருடம் கழித்து விற்றால் புத்தகத்தில் அவர் மதிப்பு இன்னும் 40 மில்லியன் இருக்கும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். 35 மில்லியனுக்கு விற்றால் 35 மில்லியனும் லாபம். தாத்தா விட்டுப்போன மனையை விற்பது மாதிரி, கைக்கு வருவது அத்தனையும் வரவு. கடன் வாங்கிக் கட்டின ஃப்ளாட்டை விற்றால் வங்கிக்குப் போக மீதிதானே. இதில் இன்னொரு கொடுமை உண்டு. அகாடமிக்குச் செய்யும் செலவை நஷ்டக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், ஊர்ப் பிள்ளைகளை வளர்ப்பதை ஊக்குவிக்க வேண்டும் என்பதற்காக. வளர்த்தவனைத் தக்கவைத்துக்கொள்வதற்குச் சலுகை ஏதாவது உண்டா என்றால், ஒன்றுமில்லை.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை ஆண்டர்சனை வாங்கிய அதே ஃபாரஸ்ட்தான் அனுபவித்திருந்தது. பிரென்னன் ஜான்சன் நாட்டிங்ஹாமில் பிறந்தவர், எட்டு வயதில் அந்தக் கிளப்புக்கு வந்தவர். அப்பா டேவிட் ஜான்சனும் ஃபாரஸ்டுக்கு ஆடியவர். 2023-ல் ஜூன் 30-க்கு முன்பே அவரைக் குறைந்த விலைக்குக் கேட்டார்கள். ஃபாரஸ்ட் காத்திருந்து, செப்டம்பர் 1-ம் தேதி 47.5 மில்லியனுக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றது. இரண்டு மாதம் பொறுத்ததால் நல்ல விலை கிடைத்தது, அதனால் நஷ்டம் குறைந்ததுதானே என்று வாதாடினார்கள். விசாரணைக் குழு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு புள்ளிகள் கழிக்கப்பட்டன. ஊர்ப் பையனை விற்றது போதாது, சீக்கிரம் விற்கவில்லை என்பதற்குத் தண்டனை! கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோமோ என்று பதறிக்கொண்டிருந்த அணிக்கு நான்கு புள்ளி என்பது உயிர். ஜான்சனோ 2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக டாட்டன்ஹாமின் ஒரே கோலை அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கணக்கைக் கரைத்துக் குடித்த கிளப் என்றால் செல்ஸீதான். மேசன் மவுன்ட், மார்க் கேஹி, லூயிஸ் ஹால், இயன் மாட்சன் என்று அகாடமிப் பையன்கள் வரிசையாகப் போனார்கள். அந்தப் பக்கம் தென் அமெரிக்காவில் இருந்து 18 வயதுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சான்டோஸில் இருந்து ஆஞ்ஜலோ என்ற பையனை 2023-ல் வாங்கினார்கள். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு லோன், அதுவும் செல்ஸீ முதலாளிகளே வாங்கிப் போட்டிருக்கும் கிளப். அப்புறம் சவுதிக்கு விற்பனை. செல்ஸீக்காக ஒரு அதிகாரப்பூர்வப் போட்டிகூட ஆடவில்லை.

2024 ஆகஸ்ட் மாதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கானர் கேலகர் முந்தைய சீசனில் பெரும்பாலான போட்டிகளில் செல்ஸீயின் கேப்டன் பட்டையைக் கட்டி ஆடியவர். அட்லெடிகோவுக்கு விற்பதாக முடிவாகி மாட்ரிட் போய்க் காத்திருந்தார். அங்கிருந்து செல்ஸீ வாங்க நினைத்த ஸ்ட்ரைக்கரின் பேரம் முறிந்ததும், இவரையும் லண்டனுக்குத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அதே அட்லெடிகோவின் ஜோவாவ் ஃபீலிக்ஸை வாங்கிக்கொள்கிறோம் என்று செல்ஸீ சொன்னதும்தான் அவர் வழி திறந்தது. ஃபீலிக்ஸுக்கு 14-ம் நம்பர் சட்டையைக் கொடுத்தார்கள். அது அதுவரை ட்ரெவோ சாலபாவின் நம்பர். சாலபா எட்டு வயதிலிருந்து செல்ஸீயில் இருப்பவர். அவரை முதல் அணியோடு சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, கிரிஸ்டல் பேலஸுக்கு லோனில் தள்ளிவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் டிஃபெண்டர்கள் காயத்தில் படுத்ததும் சாலபாவை அவசரமாகத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார், ஆடினார், கிளப் உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை ஆடினார். சாலபா திரும்பி வந்த சில வாரங்களிலேயே ஃபீலிக்ஸ் மிலானுக்கு லோனில் போய்விட்டார்.

"செல்ஸீ கோப்பை வாங்கியதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கியது, மறுக்கவில்லை. 2021-ல் சாம்பியன்ஸ் லீக்கும் வாங்கியது. அந்த இறுதிப் போட்டியின் ஒரே கோலுக்கு பாஸ் கொடுத்தவர் ஆறு வயதில் அகாடமிக்கு வந்த மேசன் மவுன்ட். அவர் முதல் அணிக்குள் நிலைத்ததே, 2019-ல் செல்ஸீக்கு டிரான்ஸ்ஃபர் தடை விழுந்து வேறு ஆளை வாங்க முடியாமல் போனதால்தான். இன்னொரு விஷயம், அந்தத் தடை விழுந்ததே வெளிநாட்டுச் சிறுவர்களை விதி மீறிச் சேர்த்ததற்காக.

இதையெல்லாம் வைத்து வெளியாட்களே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 2025 மார்ச்சில் வெம்பிளியில் லிவர்பூலை 2-1 என்று வென்று, 70 வருடத்தில் முதல் உள்நாட்டுக் கோப்பையை நியூகாசில் தூக்கியது. அன்று கேப்டன் புருனோ கிமராயிஸ், பிரேசில்காரர். எங்கள் ஊரில் அவரைவிட எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை. இரண்டாவது கோல் அலெக்ஸாண்டர் இசாக், ஸ்வீடன். (அந்த மனிதர் அடுத்த ஆகஸ்டில் ஆட மாட்டேன் என்று அடம்பிடித்து லிவர்பூலுக்கே போனதைப் பற்றி இங்கே எழுதினால் பதிவு வேறு பக்கம் போய்விடும்.) முதல் கோல் டான் பர்ன். கார்னரில் வந்த பந்தை, கூட்டத்துக்கு வெளியே நின்று, ஆறடிக்கு மேல் வளர்ந்த அந்த உடம்பைத் தூக்கித் தலையால் இடித்தார் பாருங்கள், அது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பர்ன் பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே நியூகாசில் ரசிகர். 11 வயதில் நியூகாசில் அகாடமி அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளினார். டார்லிங்டன், ஃபுல்ஹாம், விகன், பிரைட்டன் என்று சுற்றி, 29 வயதில் பணம் கொடுத்து வாங்கப்பட்டுத்தான் சொந்த ஊர் கிளப்புக்கு வந்து சேர்ந்தார்.

பார்சிலோனாவை எடுத்துக்கொண்டாலும் இதே சிக்கல்தான். 2012 நவம்பரில் லெவான்டேவுக்கு எதிராக ஒரு கட்டத்தில் களத்தில் நின்ற 11 பேரும் அவர்கள் அகாடமியில் வளர்ந்தவர்கள். அதில் ஒருவர் மெஸ்ஸி. 13 வயதில் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் இருந்து கூட்டிவந்து, வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சைக்குச் செலவு செய்து ஆளாக்கினார்கள். அவர் ஊர்ப் பையனா, வெளியூர்ப் பையனா? ஆனால் அதே கிளப் ஜப்பானில் இருந்து பத்து வயதில் கொண்டுவந்த குபோவை, ஃபிஃபாவின் சிறார் விதி குறுக்கே வந்ததும் போட்டியில் இறக்க முடியாமல் வைத்திருந்தது. 2015-ல் அவர் ஊருக்குத் திரும்பினார். வளரும் வயதில் ஆட்டமே இல்லாமல் போனது யாருக்கு நஷ்டம்? குபோ தப்பித்து மேலே வந்துவிட்டார், இப்போது ரியல் சொசியடாடில் ஆடுகிறார். பெயர் தெரியாமல் திரும்பிப் போனவர்களை யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

அத்லெடிக் பில்பாவோவை உதாரணம் காட்டாமல் இந்த விவாதம் முடியாது, எனவே அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையில் இருக்கும் பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து பழகியவர்கள் மட்டும்தான் ஆடலாம். ஸ்பெயினின் முதல் பிரிவான லா லிகாவில் இருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை, 2024-ல் 40 வருடம் கழித்து ஸ்பெயினின் கோபா டெல் ரே கோப்பையை வாங்கினார்கள். அந்த அணியின் முகங்களான வில்லியம்ஸ் சகோதரர்கள், கானாவில் இருந்து சஹாராவைக் கடந்து வந்த தம்பதியின் பிள்ளைகள். மதிக்கிறேன். ஆனால் ஒசசூனா போன்ற அக்கம்பக்கத்துக் கிளப்களின் பிள்ளைகளை இவர்கள் இழுத்துக்கொள்கிறார்கள் என்ற கோபமும் அங்கே பழையது. பெரிய கிளப் பக்கத்தில் இருந்தால் சின்னக் கிளப்புக்குத் தூக்கம் ஏது? இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்ட் 2016-ல் அகாடமியையே மூடியது. பாடுபட்டு வளர்த்த பையன்களை 16 வயதில் மான்செஸ்டர்காரர்கள் சொற்பத் தொகைக்குக் கொத்திக்கொண்டு போனால் எதற்கு வளர்ப்பது என்று கேட்டார்கள். மறுபடி திறக்க 2022 ஆனது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயது ஆகாத வெளிநாட்டுப் பையன்களை இங்கிலாந்து கிளப்கள் சேர்க்க முடியாது என்பதால், இப்போது உள்நாட்டுச் சின்னக் கிளப்கள் மீதுதான் மொத்தப் பார்வையும்.

ஆகவே எந்த ஊர்ப் பையன் என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. முதல் அணியில் அவனுக்கு இடம் இருக்கிறதா, அந்த இடத்தை உத்தேசித்துத்தான் கூட்டிவந்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. மின்டே விஷயத்தில் இல்லை. ஆண்டர்சனுக்கு இடம் இருந்தது, கணக்கு விடவில்லை. 2025-ல் ஷான் லாங்ஸ்டாஃபும் லீட்ஸுக்குப் போனார், அவரும் எங்கள் பக்கத்து நார்த் ஷீல்ட்ஸ்தான்.

என் யோசனை இது. அகாடமியில் வளர்ந்தவரை விற்று வரும் லாபத்தில் ஒரு பகுதியை மட்டும் விதிக் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும், அதையும் சில வருடங்களுக்குப் பிரித்து எழுதட்டும். அப்போது ஜூன் கடைசி வாரத்தில் அவசர விற்பனைக்கு அவர் முதல் ஆளாக இருக்க மாட்டார். பேல், வால்காட், லூக் ஷா என்று வளர்த்து விற்றே பிழைத்த சவுத்தாம்ப்டன் மாதிரியான கிளப்களுக்கு இது இடிக்கும், தெரியும். அவர்களுக்கு வருமான அளவை வைத்து விலக்குக் கொடுக்கலாம். 2026-27 சீசனில் இருந்து பழைய நஷ்ட வரம்பு போய், வருவாயில் 85 சதவீதத்துக்கு மேல் அணிக்குச் செலவழிக்கக் கூடாது என்ற விதி வருகிறது. அதிலும் ஆளை விற்ற லாபம் வரவுப் பக்கம்தான் ஏறும். எனவே பழைய ஆசை அப்படியே இருக்கும்.

என் யோசனையில் ஓட்டை இருந்தால் எழுதுங்கள், குறிப்பாகக் கணக்கு தெரிந்தவர்கள். செல்ஸீ நண்பர்கள் கோப்பை எண்ணிக்கையோடு வர வேண்டாம், அதற்கு மேலேயே பதில் இருக்கிறது.