ரப்பர் விலை தானாக விழுவதில்லை

ரப்பர் விலை பற்றி நம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கருத்தரங்கின் வீடியோவை இதற்குள் பலரும் பார்த்திருப்பீர்கள். பேசியவர் பெயரை நான் எழுதப்போவதில்லை, கீழே நீங்களும் எழுத வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்திலிருந்தும் அருமனையிலிருந்தும் வந்து உட்கார்ந்திருந்த பொருளாதார மாணவர்களிடம் அவர் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் என் பிரச்சினை. ஒன்று, ரப்பர் விலை உலகச் சந்தையில் தானாக அமைகிறது. இரண்டு, விலை விழுந்தால் வெட்டாமல், அதாவது பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்காமல், போட்டுவிடலாம், மரம் எங்கேயும் ஓடிப்போகாது.

தானாக அமைவதில்லை ஐயா. உலக விலை ஏறி இறங்குவது உண்மை. ஆனால் அது நம் தோட்டத்துக்கு எந்த உருவத்தில் வந்து சேர வேண்டும் என்பதை டெல்லியில் எழுதிய ஒரு விதி தீர்மானிக்கிறது. உலர்ந்த இயற்கை ரப்பருக்கு இறக்குமதி வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. 2015-ல் 20 சதவீதத்தை 25 ஆக்கினார்கள், அந்த 30 ரூபாயைத் தொடவில்லை.

மாணவர்களே, பேனாவை எடுங்கள். இறக்குமதி விலை 100 ரூபாய் என்றால் 25 சதவீதம் 25 ரூபாய், அதுதான் குறைவு, அதுதான் வரி. விலை 120 ஆனால் இரண்டும் சமம். 200 ஆனால் 25 சதவீதம் 50 ரூபாய் வர வேண்டும், வருவது 30 மட்டும். அதாவது 15 சதவீதம். வரி குறையக் குறைய வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து நம் விலையை அமுக்கும். விலை விழுந்தால் சதவீதக் கணக்கு, ஏறினால் ரூபாய்க் கணக்கு. இரண்டு பக்கமும் விவசாயிக்குக் குறைந்ததே கிடைக்கும்படி எழுதப்பட்ட வரி இது. இதை மறைத்துவிட்டு 'தானாக' என்று எப்படி ஒரு வகுப்புக்குச் சொல்ல முடிகிறது?

இன்னொரு வாசலும் இருக்கிறது. ரப்பரோடு கொஞ்சம் கரியும் ரசாயனமும் கலந்தால் அது காம்பவுண்ட் ரப்பர். அதற்கு வரி 10 சதவீதமாக இருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் இயற்கை ரப்பருக்குச் சமமாக ஏற்றினார்கள். அப்போதும் ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலிருந்து வர்த்தக ஒப்பந்தச் சலுகையில் வருவதை அந்த ஏற்றம் தொடவில்லை. ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பரை வரிச் சலுகை தராத விலக்குப் பட்டியலில் வைத்துவிட்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கலந்து கொண்டுவந்தால் அந்த விலக்கால் யாருக்கு என்ன பயன்?

"நாட்டில் ரப்பர் போதாதே, டயர் கம்பெனிகள் என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். போதாது, ஒத்துக்கொள்கிறேன். 2023-24-ல் உற்பத்தி எட்டரை லட்சம் டன்னைச் சுற்றி, நுகர்வு 14 லட்சம் டன்னைச் சுற்றி. இறக்குமதியே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? எந்த வரியில், எந்த மாதத்தில் என்றுதான் கேட்கிறேன். நம் பால் அதிகமாக இறங்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலா சரக்கு வந்து குவிய வேண்டும்?

"உங்கள் ஷீட் தரமில்லை" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதுதான் அதிகம் வலிக்கிறது. ஷீட் என்பது பாலை உறைய வைத்து, தகடாக உருட்டி, உலர்த்திய ரப்பர். ஒரு நல்ல ஷீட்டுக்கு என்ன வேண்டும் என்பது இப்படிச் சொல்பவருக்குத் தெரியுமா? விடியுமுன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். பாலை 40, 60 கண் சல்லடைகளில் வடிகட்டி, ரப்பர் அளவு 12.5 சதவீதத்துக்கு வரும்வரை தண்ணீர் சேர்த்து, ஒரு தட்டுக்கு 4 லிட்டர் ஊற்றினால் அரைக் கிலோ ஷீட். பால் உறைய பார்மிக் ஆசிட்டை நீர்க்கக் கலக்கி ஊற்ற வேண்டும், மேலே வரும் நுரையை வழித்தெடுக்காவிட்டால் ஷீட்டில் குமிழ் நிற்கும். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டி, கோடு கோடாகப் பதிக்கும் அச்சில் விட்டு, கழுவி, நிழலில் நீர் வடித்து, புகைப்புரையில் நான்கைந்து நாள் 40 முதல் 60 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சூடு கூடினால் கொப்புளம். குறைந்தால் உள்ளே வெள்ளை நிற்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும். ஒரு ஏக்கரில் இருநூறு மரத்துக்குள் வைத்திருப்பவர் புகைப்புரை கட்டி, விறகு வாங்கி, முதல் தரம் எடுத்தால் கிலோவுக்குக் கூடுதலாகக் கிடைப்பது விறகுக்கும் கூலிக்கும் பத்தாது. அதனால்தான் பாலாகவும், மரத்திலும் சிரட்டையிலும் தானே உறைந்த ஒட்டுப்பாலாகவும் விற்கிறார்கள். தரத்துக்கு விலை கொடுக்காத சந்தையில் தரம் எங்கிருந்து வரும்?

இனி 'வெட்டாமல் போடுங்கள்' என்ற அறிவுரை. பால் தேக்கி வைக்கும் சரக்கு அல்ல. அம்மோனியா சேர்க்காவிட்டால் அன்றைக்கே உறைந்துவிடும். சரி, வெட்டையே நிறுத்துவோம். வெட்டுக்காரர் என்ன செய்வார்? கட்டட வேலைக்குப் போவார். விலை ஏறும்போது திரும்பி வரமாட்டார், ஏனென்றால் வெட்டு ஒரு கைத்தொழில். பட்டைக்குள்ளே இருக்கும் கேம்பியத்தை, அதாவது புதுப் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலத்தை, கத்தி தொட்டால் அந்த இடத்தில் புதுப் பட்டை மேடும் பள்ளமுமாக வரும், அடுத்த சுற்றில் வெட்ட முடியாது. மே மாதமே ரெயின் கார்டு, அதாவது வெட்டில் மழைநீர் இறங்காமல் தடுக்கும் மறைப்பு, ஒட்டாத தோட்டத்தில் ஜூன் மழையில் வெட்டு நாள் வீணாகும். நமக்கு இரண்டு பருவமழை, இரண்டு தடவை நஷ்டம். "வேறு பயிருக்கு மாறுங்கள்" என்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். கன்று வைத்து ஏழு வருடம் கழித்துத்தான் முதல் பால். 2011-ல் கிலோ 240 ரூபாய் பார்த்து நட்டவர்கள் வெட்டத் தயாரானபோது விலை அதில் பாதிக்குப் பக்கத்தில் நின்றது. இடையில் 2016 தொடக்கத்தில் 100-க்கும் கீழே போனது. 2024 ஆகஸ்டில் மறுபடி 240-ஐத் தாண்டியபோது எத்தனையோ தோட்டங்களில் வெட்ட ஆள் இல்லை. விலை மாறியதும் அளிப்பு, அதாவது சந்தைக்கு வரும் சரக்கின் அளவு, மாறிவிடும் என்று பாடப்புத்தகம் கோடு வரைகிறது, இந்த மரத்துக்கு அந்தக் கோடு பொருந்தாது என்று ஒரு ஆசிரியராவது சொல்ல வேண்டாமா?

எல்லாவற்றையும் விட என்னைச் சுடுவது கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் அதே மரம், அதே மழை, அதே வியாபாரி. 2015 முதல் கேரள அரசு சிறு விவசாயிகளுக்கு ஆதார விலை ஒன்றை வைத்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை வங்கிக் கணக்கில் போடுகிறது. 150-ல் தொடங்கி 170, 2024-ல் 180 என்று ஏற்றினார்கள். பணம் தாமதமாக வருகிறது என்று அங்கே புகார் உண்டு, ஆனால் புகார் சொல்ல ஒரு திட்டமாவது இருக்கிறது. இந்தப் பக்கம் நாம் யாரிடம் கேட்பது? தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பகுதி நம் ஒரே மாவட்டத்தில் இருப்பதால் சென்னையில் இது ஒரு பயிராகவே கண்ணில் படவில்லை. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் ரப்பர் கிடையாது. டெல்லிக்கு இது தொழிற்சாலை மூலப்பொருள், நமக்கு இது பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம். அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பலரின் கட்டணமும் இந்தப் பாலில் வந்ததுதான். அவர்களிடம்தான் 'உங்கள் அப்பா வெட்டாமல் போடட்டும்' என்று அவர் சொன்னார்.

அந்தக் கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டரில் இதை ஒரு பயிற்சியாகக் கொடுங்கள். ரப்பர் வாரியம் நாள்தோறும் கோட்டயம் ஆர்எஸ்எஸ்-4 (புகையில் உலர்த்திய ஷீட்டின் நான்காம் தரம்) விலையையும் பாங்காக் விலையையும் வெளியிடுகிறது. ஒரு வருட விலையை மாணவர்கள் எடுத்து எழுதட்டும். பாங்காக் விலையோடு முதலில் 25 சதவீதத்தைக் கூட்டட்டும், அடுத்த பத்தியில் 30 ரூபாயைக் கூட்டட்டும், மூன்றாவதில் கோட்டயம் விலையை வைக்கட்டும். நான்காவதில் நம் ஊர்க் கடைக்காரர் அன்றைக்குக் கொடுத்த விலையை வீட்டில் கேட்டு எழுதட்டும்.