கயிறு அறுந்தால் பையன் மேலா பழி?

பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் போனபின் கோத்தகிரிப் பக்கத்துப் பையன்கள் பலர் கோவை, திருப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் கப்பல் வேலைக்கும் போனார்கள். அதில் எங்கள் சொந்தக்காரப் பையன் ஒருவன் இப்போது முன்கையில் பிளேட் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறான். துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து அடித்துவிட்டது.

கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு மணிக்கட்டுக் கனத்துக்கு இருக்கும். நைலான் கயிறு இழுவையில் நீண்டுகொண்டே போய், அறுந்தால் சாட்டை மாதிரித் திரும்பி வரும். விலக நேரம் இருக்காது. வெளியே நன்றாகத் தெரியும் கயிறு உள்ளே நைந்து கிடக்கலாம். அதனால்தான் 2024 ஜனவரி 1 முதல் இந்தக் கயிறுகளை அவ்வப்போது பரிசோதித்துப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று சோலாஸ் எனும் சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிகளிலேயே சேர்த்தார்கள்.

ஆனால் கம்பெனி ஏஜென்ட் சொல்வது, "தம்பி நின்ன இடம் தப்புங்க." தேயிலை ஃபேக்டரியில் இலையை நசுக்கி அரைக்கும் சிடிசி ரோலரில் விரல் போனாலும் இதே பேச்சுதான்! ரோலருக்கு மூடி ஏன் இல்லை என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பேசிக்கொண்டே ஏஜென்ட் ஒரு தாளை நீட்டினார். ஒரு தொகை, அதற்குக் கீழே 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி. வீட்டுக் கடன் அடைந்துவிடும் என்று அக்கா கையெழுத்துப் போடச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வட்டி கட்டுபவர் அவர்தான். எனக்குக் கோபமெல்லாம் அந்த அவசரத்தைத் தெரிந்தே பயன்படுத்துகிறவர்கள் மேல்.

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. வேலை ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீட்டைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஊனம் எவ்வளவு என்று உடனே கணக்கிட முடியாவிட்டால், குடும்பம் கஷ்டப்படாமலிருக்க இடைக்காலத் தொகை தர வேண்டும். ஒப்பந்தத் தொகையை வாங்கிவிட்டாலும் மற்ற சட்ட உரிமைகள் போய்விடாது. இதற்கெல்லாம் பணம் கொடுக்கப் பொறுப்பேற்ற காப்பீட்டாளர் யார் என்ற சான்றிதழைக் கப்பலிலேயே எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருக்க வேண்டும். கப்பலில் இருக்கும் தம்பிகள் இன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம், அறுந்த கயிற்றை யாராவது கடலில் வீசுவதற்குள் அதையும் ஒரு போட்டோ.

நம் பையன் கையெழுத்துப் போடவில்லை. கயிற்றின் பரிசோதனைப் பதிவைக் கேட்டு வக்கீல் கடிதம் போயிருக்கிறது. அதிலிருந்து ஏஜென்ட் தம்பி நின்ன இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. கயிறு எந்த வருஷம் வாங்கியது என்று விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார்.