பிரேக்கில் போகும் பெட்ரோல்

பெட்ரோலை மிச்சம் பிடிப்பது என்றால் நம் ஆட்களுக்கு எல்லாமே பங்க்கோடு முடிந்துவிடும். 500 ரூபாய்க்குப் போடாதே, 510க்குப் போடு என்பார்கள். ரவுண்டாகச் சொன்னால் ஏமாற்றிவிடுவார்களாம். விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் குளிர்ந்து அடர்த்தியாக இருக்குமாம். பங்க்கின் டேங்க் பூமிக்கு அடியில் கிடக்கிறது. அதற்குள் காலை என்ன, மதியம் என்ன? அளவில் சந்தேகம் என்றால் பங்க்கிலேயே முத்திரை போட்ட 5 லிட்டர் அளவை இருக்கும், பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்கிற ஆளைத்தான் காணோம்.

சரி, இதெல்லாம் சில்லறை. எனக்குக் கோபம் வருவது இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர்களைப் பார்த்தால்தான். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து, கீழே பிரேக் கருகும் வாடையோடு நிறுத்திவிட்டு, "சொட்டு பெட்ரோல் செலவில்லை" என்று பெருமை வேறு. கார்புரேட்டர் காலத்துக் கணக்கு இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றும். இன்ஜினுக்குப் பெட்ரோலை அளந்துவிடும் கம்ப்யூட்டர் அதை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் அப்படியில்லை, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். அதாவது, உயிரைப் பணயம் வைத்துக் கூடுதலாகச் செலவு செய்கிறார்கள். சமதளத்தில் நியூட்ரல் கொஞ்சம் அதிக தூரம் உருளும் என்று வாதாடலாம், உண்மைதான். மலைப்பாதையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். நாலு மிதி மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் கனத்துவிடும்.

என்னைக் கேட்டால், மைலேஜ் போகும் இடம் பிரேக்தான். பெட்ரோலைக் கொளுத்தி வாங்கிய வேகத்தை பிரேக்கில் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். சிக்னலில் 40, 39, 38 என்று சிவப்பு எண் தூரத்திலேயே தெரிகிறது. அது தெரிந்தும் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் போய், முன்னால் இருக்கும் ஆட்டோவின் முதுகில் சடாரென்று நிற்கிற கூட்டம்தான் அதிகம். அங்கேயே காலை எடுத்துவிட்டால் வண்டி தானாக ஊர்ந்து வரும். பல நேரம் நிற்பதற்குள் பச்சையே விழுந்துவிடும். நின்றாலும் அரை நிமிடத்துக்கு மேல் என்றால் இன்ஜினை அணைத்துவிடலாம். அப்புறம், பின்னால் ஹார்ன் அடிப்பான். அடிக்கட்டும்.

நெடுஞ்சாலைக்கு வந்தால் வேறு கதை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80இலிருந்து 110க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் வண்டி 80, 85இல் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் பக்கம் தரும், 110இல் ஓட்டினால் 15தான். சென்னையிலிருந்து திருச்சிக்கு 330 கிலோமீட்டர் என்று வைத்தால் ஐந்தரை லிட்டர் வித்தியாசம், லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 550 ரூபாய். நேரம் மிச்சமாகிறதே என்பார்கள். கணக்குப்படி ஒரு மணி நேரம். செங்கல்பட்டு வரைக்கும் நெரிசல், வழியெல்லாம் டோல், நடுவில் காபி என்று பார்த்தால் அதில் பாதிகூடக் கைக்கு வராது.

பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலந்த பிறகு மைலேஜ் இறங்கியது பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆற்றல் குறைந்த சரக்குக்கு விலையையும் குறைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அது நம் கையில் இல்லை.

மைலேஜுக்கு நம் கையில் இருப்பது டயர் காற்று. காற்று பிடிக்கும் பையன் "எவ்வளவு சார்?" என்று கேட்டால் பலர் "நீயே பார்த்து வை" என்கிறார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலேயே, எவ்வளவு காற்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஊருக்குப் போய் அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றி வரும்போது எவ்வளவு வைக்க வேண்டும் என்பதும் பல வண்டிகளில் அதிலேயே தனியாகப் போட்டிருக்கும்.