காமெடி ஷோதானே என்று தப்பிக்க முடியாது

பிபிசியின் கார் நிகழ்ச்சியான டாப் கியரைப் பற்றி எது எழுதினாலும் கமெண்டில் இரண்டு கோஷ்டி வந்துவிடும். ஒரு கோஷ்டி, "இதுல கார் எங்கே இருக்கு? மூணு பெருசுங்க அடிக்கிற லூட்டிதான் இருக்கு" என்னும். இன்னொன்று, "அட, அது காமெடி ஷோ சார், அதுல போய் லாஜிக் பார்க்கறீங்களே" என்று கிளம்பும். எனக்கு இரண்டு தரப்போடும் தகராறு உண்டு. இரண்டாவது தரப்போடு கொஞ்சம் அதிகமாகவே, ஏனென்றால் நானும் அந்த நிகழ்ச்சிக்குப் பரம ரசிகன்.

முதல் கோஷ்டிக்குப் பதில் சுலபம். அவர்கள் கேட்கிற நிகழ்ச்சி ஏற்கெனவே இருந்தது. 1977-ல் பிபிசி தொடங்கிய பழைய டாப் கியர் கிட்டத்தட்ட அப்படித்தான்: புது வண்டியை ஓட்டிப் பார்ப்பது, விலைக்குத் தகுமா என்று சொல்வது, சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுவது. 2001-ல் அதை நிறுத்தினார்கள். அதிலிருந்தவர்கள் சிலர் சேனல் 5-க்குப் போய் 'ஃபிஃப்த் கியர்' என்று பொறுப்பாக ஒன்றை நடத்தினார்கள். 2002-ல் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் டாப் கியரை ஒரு பழைய விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்ப் புதிதாக ஆரம்பித்தார்கள். கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லத் தேவையில்லை. உலகிலேயே அதிக இடங்களில் பார்க்கப்படும் நிகழ்ச்சி என்று பின்னாளில் கின்னஸ் புத்தகத்திலேயே ஏறியது. அதுவும் எந்தப் பிரிவில்? தகவல் நிகழ்ச்சிகள் பிரிவில்!

அங்கேதான் இரண்டாவது கோஷ்டியோடு சண்டை ஆரம்பிக்கிறது.

2003-ல் வந்த ஹைலக்ஸ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய, பழைய டீசல் டொயோட்டா பிக்கப் ஒன்று. அதைப் பிரிஸ்டலில் படிக்கட்டில் இறக்கினார்கள், மரத்தில் மோதினார்கள். கடற்கரையில் கட்டிவைத்தால், ஓதம் ஏறி வந்து கயிற்றை அறுத்து வண்டியையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்தபின் தேடிக் கண்டுபிடித்தார்கள். மெக்கானிக்கிடம் சாதாரண ஸ்பேனர் வகையறாதான். கண்ணாடியைத் தவிர உதிரிபாகம் எதையும் மாற்றக்கூடாது என்பது நிபந்தனை. தண்ணீரை வடித்துச் சேற்றைக் கழுவி சாவியைத் திருப்பினால், இருமிக்கொண்டு கிளம்பியது. அப்புறம் மேலே கேரவனைப் போட்டார்கள், இரும்புக் குண்டால் அடித்தார்கள், தீ வைத்தார்கள். கடைசியில் இடிக்கப்போகும் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் ஏற்றிவைத்து, கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்த வண்டி மறுபடியும் ஸ்டார்ட் ஆனது.

இதை காமெடி என்பீர்களா, டெஸ்ட் என்பீர்களா? இரண்டும்தான். "உறுதியான வண்டி" என்று நூறு விமர்சனம் எழுதினாலும் பதியாத ஒன்று, சிரித்துக்கொண்டிருந்தபோதே மண்டையில் ஏறிவிட்டது. அந்த டீசல் இன்ஜின் திரும்ப உறுமும்போது வருகிற சந்தோஷம், அது உண்மையிலேயே உறுமியது என்று நாம் நம்புவதால் வருவது.

இதற்கு நேர் எதிர் 2010-ல் வந்த ரிலையன்ட் ராபின். நம் ஆட்டோ மாதிரி முன்னால் ஒற்றைச் சக்கரம் வைத்த குட்டிக் கார். கிளார்க்சன் ஒவ்வொரு வளைவிலும் அதைக் கவிழ்ப்பார், வழியில் போகிறவர்கள் வந்து நிமிர்த்திவிடுவார்கள். வயிறு வலிக்கச் சிரித்த எபிசோட். 2016-ல் அவரே தன் பத்தியில் விஷயத்தை உடைத்தார்: வண்டி சுலபமாகக் கவிழவேண்டும் என்று, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் கைவைத்திருந்தார்களாம். சரி, ராபின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது, யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று விடலாம்.

டெஸ்லாவை அப்படி விடமுடியாது. 2008-ல் அது மின்சாரக் கார் செய்யும் கையளவு கம்பெனி, ரோட்ஸ்டர் அதன் முதல் கார். நிகழ்ச்சியில் வேகத்தைப் பாராட்டிவிட்டு, தங்கள் டிராக்கில் 55 மைலிலேயே சார்ஜ் தீர்ந்துவிடும் என்று சொல்லி, நாலு பேர் காரைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போவதைக் காட்டினார்கள். எந்த நேரத்திலும் 20 சதவீதத்துக்குக் கீழே சார்ஜ் இறங்கவில்லை என்றது கம்பெனி. 2011-ல் வழக்குப் போட்டுத் தோற்றது, 2013-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. சட்டப்படி பிபிசி பக்கம் தவறில்லை. ஆனால் பார்த்தவன் மனதில் நின்றது எது? கார் தள்ளப்படும் அந்தக் காட்சி. தீர்ப்பையா உட்கார்ந்து படித்தான்? ஹைலக்ஸில் எங்களை நம்பு என்று சொல்லிவிட்டு, இங்கே மட்டும் நம்பினது உன் தப்பு என்றால் எப்படி?

2011 கிறிஸ்துமஸுக்கு வந்த இந்தியா ஸ்பெஷலில் எனக்கு வேறு மாதிரி எரிச்சல். ஜாகுவாரின் டிக்கி மேல் கழிப்பறைத் தொட்டியை மாட்டிக்கொண்டு கிளார்க்சன் ஊர் சுற்றினார். இந்தியத் தூதரகம் பிபிசிக்குப் புகார் எழுதியது. பலருக்குக் கோபம், சிலர் "நம்ம ஊர் நிலைமையைத்தானே சொல்றான்" என்றார்கள். என்னை உறுத்தியது அவமானம் அல்ல, சோம்பேறித்தனம். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுசேர்க்கும் மும்பை டப்பாவாலாக்களின் ஏற்பாடு ஒன்றே போதும், ஒரு முழு எபிசோட் எடுக்கலாம். அது கையில் இருக்கும்போது ரயில் பெட்டியில் பேனர் கட்டி, பாதி கிழிந்ததும் கெட்ட வார்த்தை தெரிகிற ஜோக் யாருக்கு வேண்டும்? இமயமலைச் சாலையில் மூன்று பழைய கார்களும் மூச்சு வாங்கி ஏறிய பகுதியில்தான் நான் ரசித்த டாப் கியர் கொஞ்சம் தெரிந்தது.

2015-ல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஷூட்டிங் முடிந்து வந்த கிளார்க்சனுக்குச் சூடான சாப்பாடு இல்லை என்று, தயாரிப்பாளர் ஒருவர் அவரிடம் அடி வாங்கினார். அடித்தவருக்கு ஆதரவாகப் பத்து லட்சம் பேர் கையெழுத்து! அந்த மனுவை, நிகழ்ச்சியில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் கார் ஓட்டும் மர்ம டிரைவர் 'ஸ்டிக்' வேஷம் போட்ட ஒருவர் ராணுவ டாங்கி மாதிரியான வண்டியில் பிபிசி வாசலுக்குக் கொண்டுபோனார். அடி வாங்கியவருக்கு டாங்கி வரவில்லை. பிபிசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காதது சரியே, இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

கிளார்க்சன், ரிச்சர்ட் ஹம்மண்ட், ஜேம்ஸ் மே மூவருக்கும் பிறகு வந்த தொகுப்பாளர்களை "அந்த மூணு பேர் மாதிரி வருமா" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். கிறிஸ் எவன்ஸுக்கு அது பொருந்தும், ஒரே சீசனில் போய்விட்டார். ஆனால் கிறிஸ் ஹாரிஸ் ஓட்டிக்கொண்டே ஒரு காரை விளக்கும் விதம் கிளார்க்சனுக்கு எந்த நாளும் வராது.

2022 டிசம்பரில் அப்போது தொகுப்பாளராக இருந்த முன்னாள் கிரிக்கெட் வீரர் ஃபிளின்டாஃப் ஓட்டிய மூன்று சக்கர மோர்கன் கவிழ்ந்து, அவர் முகம் சிதைந்தது. தலையில் ஹெல்மெட் இல்லை. இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே பிபிசியை எச்சரித்ததாக ஹாரிஸ் பின்னர் சொன்னார். 2006-ல் ஹம்மண்ட் ஜெட் காரில் மணிக்கு சுமார் 460 கிலோமீட்டரில் போய் டயர் வெடித்து, மூளையில் அடிபட்டுப் பிழைத்ததும் இதே நிகழ்ச்சிக்காகத்தான். அவர் திரும்பி வந்ததைக் கொண்டாடிய கூட்டத்தில் நாமும் இருந்தோம். இன்னும் பெரிதாக, இன்னும் ஆபத்தாக என்று கேட்டதில் பார்வையாளர்களுக்கும் பங்கில்லையா? 2023 நவம்பரில், இப்போதைக்கு நிகழ்ச்சி இல்லை என்று பிபிசி அறிவித்தது. கிளார்க்சன் கூட்டணியும் அமேசானுக்காக எடுத்த கடைசிப் பயணத்தை 2024-ல் ஜிம்பாப்வேயோடு முடித்துக்கொண்டது.

ராபின் வீடியோ மட்டும் ஓய்வதில்லை. 'உலகின் மிக ஆபத்தான கார்' என்று தலைப்புப் போட்டு யாராவது பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள், கீழே ஒருவர் "இதையெல்லாம் எப்படி விக்க விட்டாங்க?" என்று நிஜமாகவே கேட்கிறார். அந்த டிஃபரன்ஷியல் விஷயத்தை யாராவது அவருக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால், "காமெடி ஷோ சார்" என்று அடிக்க வருகிறார்கள்.