இடுப்பை ஆட்டி நடக்கிற ஆட்கள்

இன்று காலை மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு பிள்ளை வேகநடைப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதிருக்கும். பின்னால் இரண்டு பெடியன்கள் அவளைப் போலவே இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்து சிரித்தார்கள். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கோபம் எனக்குத்தான் வந்தது.

அது பழைய கோபம். பள்ளிக்கூடத்தில் நானும் ஒருமுறை வேகநடையில் இறங்கினேன். ஓட்டத்தில் எடுபடாதவர்களைத் தள்ளிவிடுகிற இடம் அது. மூன்றாவது சுற்றில் ஒரு சேர் வந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தார். என்ன பிழை சேர் என்று கேட்டேன். "நீ ஓடுறாய் மனே" என்றார். என் வேகநடை வாழ்க்கை அந்த இடத்தில் முடிந்தது.

ஜெஃபர்சன் பெரெஸைப் பற்றி வாசிக்கத் தொடங்கியது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து. 1996 என்றால் நமக்கு கிரிக்கெட் உலகக் கிண்ணம். தென்னமெரிக்காவின் ஈக்குவடோர் நாட்டுக்காரருக்கு அது பெரெஸின் வருடம். குவெங்கா என்ற மலை நகரத்தில் ஏழை வீட்டில் பிறந்தவர், 22 வயதில் அட்லாண்டாவில் 20 கிலோமீற்றர் வேகநடையில் தங்கம் எடுத்தார். அந்த நாடு ஒலிம்பிக்கில் கண்ட முதல் பதக்கமே அதுதான்.

தங்கத்தோடு ஊருக்குத் திரும்பியவர் செய்த காரியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தலைநகர் கீட்டோவிலிருந்து குவெங்காவுக்கு 459 கிலோமீற்றர், நடந்தும் ஓடியும் யாத்திரை போனார். பொட்டுவில், பாணமை தாண்டி உகந்தையில் தங்கி, குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் போகிற நம் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் அம்மம்மா ஒரு துணி மூட்டையோடு, காலில் செருப்பில்லாமல் அந்த வழி போய் வந்தவ. கால் வெடிப்புக்கு வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு திண்ணையில் இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அவவின் நடையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு பெரெஸுக்கு எல்லாம் ஏறுமுகம் என்று நினைக்காதீர்கள். சிட்னியில் நான்காவது, ஏதென்ஸிலும் நான்காவது. இடையில் 2003இல் பாரிஸில் 1 மணி 17 நிமிடம் 21 செக்கனில் நடந்து உலக சாதனையோடு உலகச் சம்பியன். 2005, 2007இலும் அவரே சம்பியன். கடைசியாக 2008இல் பீஜிங்கில், 34 வயதில், வெள்ளி. அத்தோடு ஓய்வு. அட்லாண்டா தங்கத்தை விட எனக்கு அந்த வெள்ளிதான் பெரிது. இரண்டு தரம் நான்காவதாக வந்தவன் மறுபடியும் சப்பாத்துக் கட்டுவது லேசான வேலையா?

டோக்கியோ வரைக்கும் ஈக்குவடோரிடம் இருந்த ஒலிம்பிக் பதக்கங்கள் இரண்டு. இரண்டும் இவருடையவை. நம் நாட்டிடமும் இரண்டுதான், 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா. ஈக்குவடோர்காரர் அதோடு நிற்கவில்லை. 2024இல் பாரிஸில் 20 கிலோமீற்றர் வேகநடைத் தங்கம் டேனியல் பிண்டாடோவுக்கு. அவரும் குவெங்காக்காரர்.

நம் பக்கம் ஆள் இல்லையா, காலில் பலம் இல்லையா? ரோட்டும் இருக்கிறது. விதி தெரிந்த கண்தான் இல்லை. எப்போதும் ஒரு கால் நிலத்தில் இருக்க வேண்டும். முன்னால் வைக்கிற கால் நிலத்தில் பட்டதிலிருந்து உடம்புக்கு நேர் கீழே வரும்வரை முழங்கால் மடியக் கூடாது. அந்த இடுப்பாட்டமே இதனால் வருவதுதான். முழங்காலை மடிக்காமல் எட்டு வைத்து வேகமாக நடந்து பாருங்கள், உங்கள் இடுப்பும் ஆடும். கமராவை வைத்து யாரையும் வெளியே அனுப்புவதில்லை, எல்லாம் மத்தியஸ்தரின் வெறுங்கண் பார்வை. அதனால்தான் பொதுவாகத் தனி ஒருவர் சொல்லி யாரையும் நீக்க முடியாது, குறைந்தது வெவ்வேறு மத்தியஸ்தர் மூவரின் சிவப்பு அட்டை வேண்டும். அதற்கு முன் மஞ்சள் மட்டை காட்டி எச்சரிக்கலாம். மட்டையில் நெளிந்த கோடு இருந்தால் நிலத்தொடர்பு விட்டது, வளைந்த முழங்கால் போன்ற குறி இருந்தால் கால் மடிந்தது. எது பிழை என்று நடக்கிற பிள்ளைக்கு அந்த இடத்திலேயே விளங்கும்.

எனக்கு எந்தக் கால் மடிந்தது என்று இன்றுவரை தெரியாது.

இந்த வருடப் போட்டிகளுக்கு மத்தியஸ்தம் செய்யப் போகிற சேர்மார், ரீச்சர்மார் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து அந்த மட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காட்போட் துண்டு, மஞ்சள் பேப்பர், ஒரு மார்க்கர் பேனை. காசு இல்லை என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நான் வாங்கித் தருகிறேன்.