பிட்காயின் எல்லோரிடமும் சமமாக இல்லை

உப்புவெளி, லிங்கநகர் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இணையத்தில் மட்டும் புழங்கும் பிட்காயின் என்ற டிஜிட்டல் காசைப் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. "பிட்காயினில் பணக்காரன், ஏழை இல்லை, உலகம் முழுக்கச் சமமாகப் பிரிந்திருக்கிறது. இப்போது சேர்ந்தால் உங்கள் பங்கும் உறுதி" என்கிறது அது. இது பிழை.

மொத்தம் 2.1 கோடி பிட்காயினுக்கு மேல் வராது என்பது சரி. ஆனால் யாரும் அதைப் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. 100 பிட்காயினுக்கு மேல் உள்ள முகவரிகள் (கணக்கு எண் போன்றவை) ஏறக்குறைய 20,000தான். புழக்கத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் அவற்றில் கிடக்கிறது. 2009இல் இதைத் தொடங்கிய சடோஷி நாகமோட்டோவிடம் மட்டும் சுமார் 10 லட்சம் இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அப்புறம், முகவரி என்றால் ஆள் அல்ல. பிட்காயினை வாங்கி விற்க உதவும் ஒரு பரிமாற்ற நிறுவனத்தின் ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கானோரின் காசு இருக்கலாம். ஒரே ஆள் நூறு முகவரியும் வைத்திருக்கலாம். அதனால் "எல்லாம் நாலு பேர் கையில்" என்று வரும் எதிர்த் தகவலையும் நம்ப வேண்டாம். பிட்காயின் கைமாறுவதெல்லாம் பதிவாகும் பிளாக்செயின் பதிவேடு எல்லோருக்கும் திறந்தது. எந்த முகவரியில் எவ்வளவு என்று பிளாக்செயின் எக்ஸ்புளோரர் தளங்களில் நீங்களே பார்க்கலாம்.

"பங்கு உறுதி" என்ற பேச்சுத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. மீன் விற்ற காசையும் சீட்டுக் காசையும் நம்பிப் போட்டுவிடுவார்கள். பிட்காயின் போன்ற கிரிப்டோ காசுத் திட்டம் எதற்கும் அனுமதி வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. அந்த அறிவித்தல்களை வங்கியின் இணையத்தளத்தில் பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவல் வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.