நாலு பறவை போனால் குடியா முழுகிவிடும்?

பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றிய கட்டுரை நன்று. ஆனால் புலி, யானை என்று அழகானவற்றோடு நின்றுவிட்டது. கீழே ஒருவர், "நாலு பறவை இல்லாமல் போனால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்டிருக்கிறார். பிணந்தின்னிக் கழுகு (பாறு என்றும் சொல்வார்கள்) விஷயத்தில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

மாட்டுக்கு வலி, காய்ச்சல் என்றால் முன்பு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்டுவந்தார்கள். மலிவு, உடனே கேட்கும். ஊசி போட்ட கையோடு மாடு செத்துப்போனால், அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகி, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்துவிடும். அவ்வளவுதான். 1990-களில் தொடங்கி, பதினைந்து ஆண்டுக்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99 போய்விட்டது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது 2006-இல். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை, எப்போது மீள்வது?

கழுகுக் கூட்டம் இறங்கினால் கொஞ்ச நேரத்தில் மாடு வெறும் எலும்பு. அது வராத ஊரில் பிணம் கிடந்து நாறும், தெருநாய் பெருகும், கூடவே வெறிநாய்க்கடி பயமும்.

அப்புறம், திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பொங்கல் சாப்பிட முன்பு இரண்டு கழுகு வருமே (அது வேறு வகை, மஞ்சள்முகப் பாறு), அம்மா சின்ன வயதில் பார்த்திருக்கிறார். நான் படியேறிப் போனபோது வெயிலில் கொதித்த பாறை மட்டும்தான் இருந்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான் போக வேண்டும்.